செவேசோவின் உறைந்த குருதி

1976 ஆம் ஆண்டு யூலை 10 ஆம் திகதி நண்பகலளவில், இத்தாலியின் மிலான் நகருக்கு வடக்கேயுள்ள மேடாவில், இக்மேசா இரசாயனத் தொழிற்சாலையின் தாக்கக்கலமொன்று மிகையாக வெப்பமுற்று அதன் பாதுகாப்புத் தகடு உடைந்தது. எழுந்த நச்சுமுகில் அயலூராகிய செவேசோவின் மீது படிந்தது. அங்கு ஆக்கப்பட்டு வந்த ட்ரைகுளோரோபீனோலின் வேண்டாத உடன்விளைவே டயொக்சின். முயல்களும் கோழிகளும் மடிந்தன. சிறுவர் தோலிற் கொப்புளங்கள் தோன்றின. ஆயினும், மக்களை வெளியேற்றும் பணி யூலை 26 ஆம் திகதியே தொடங்கிற்று.

எவருடலில் எவ்வளவு நஞ்சு சேர்ந்தது? சிறிதளவு குருதியில் டயொக்சினை அளக்கும் முறை அன்று எவரிடத்தும் இருக்கவில்லை. தோலிற் கண்ட புண்ணே சான்றாகக் கொள்ளப்பட்டது. எனினும் தேசியோ மருத்துவமனையைச் சேர்ந்த பவோலோ மொக்காரெல்லியும் அவர்தம் குழுவினரும், வேறு சோதனைகளுக்கெனப் பெற்ற குருதியின் எஞ்சிய நீர்ப்பாயத்தை வீசிவிடாது, ஏறத்தாழ 30,000 மாதிரிகளாக உறையவைத்துப் பேணினர். பயன் யாதென அறியாமலே செய்த காரியம் இது. ஆய்வுகூடங்களில் இத்தகைய பொறுமை அரிது.

பத்தாண்டுகளின் பின், அட்லாண்டாவிலுள்ள அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தார் வகுத்த நுண்முறை அம்மாதிரிகளை அளந்தது. பிள்ளையொன்றின் குருதிக் கொழுப்பில் இலட்சங்கோடிக்கு 56,000 பங்கு டயொக்சின் இருந்தது. தோலில் வடுவேதுமில்லாத சிலரிடத்தும் நஞ்சு மிகுந்திருந்தமை தெரியவந்தது. புண்ணையே சான்றாகக் கொண்ட முந்தைய கணிப்பு இவர்களைத் தவறவிட்டிருந்தது.

1997 இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்நஞ்சை மனிதரிற் புற்றுநோய் விளைப்பதென வகைப்படுத்திற்று. 2000 ஆம் ஆண்டில் மொக்காரெல்லி குழுவினர் அதே குருதியளவுகளைக் கொண்டு மற்றொன்றையும் காட்டினர்: பத்தொன்பது வயதுக்கு முன் நஞ்சுக்குட்பட்ட ஆண்கள் தந்தையரானபோது, அவர்க்கு ஆண்மக்களிலும் பெண்மக்களே மிகுதியாகப் பிறந்திருந்தனர்.