எண்ணிக்கையில் மட்டும் இருந்த பிள்ளை



என்னிடம் படித்து இன்று தலைமையாசிரியையாக இருக்கும் ஒரு பிள்ளை போன வாரம் போன் செய்தாள். பெரிய பொறுப்பில் இருந்தாலும் எனக்கு அவள் இன்னும் இரண்டாவது பெஞ்சுக்காரிதான். "சார், காலையில வந்ததும் செயலியில வருகைப் பதிவு. அப்புறம் சத்துணவு எண்ணிக்கை. சாயங்காலம் யூடைஸ் திருத்தம். நெட் கிடைக்கலைன்னா மொட்டை மாடிக்கு ஏறணும். இதுக்கு நடுவுல எப்ப சார் பாடம் நடத்துறது? உங்க காலம் நிம்மதி சார்" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் 200 வருடம் பின்னால் போய்த்தான் வரும். உங்களில் பலர் ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். மற்றவர்கள் பெற்றோர்களாக இருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நம் பகுதியில் பள்ளிகளைப் பற்றி அரசாங்கம் முதன்முதலில் விரிவாகப் படிவம் அனுப்பிக் கேட்டது 1822இல். அப்போது சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ. தீவுத்திடல் பக்கம் போகும்போது குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1822 ஜூன் 25இல் அவர் ஒரு குறிப்பு எழுதினார். நிலத்தை அளந்தோம், விளைச்சலைக் கணக்கெடுத்தோம், மக்களின் கல்வி எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் விசாரிக்கவில்லை என்பது அதன் சாரம். ஒவ்வொரு கலெக்டருக்கும் ஒரு படிவம் போனது. எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாகக் கேட்டார்கள்.

பதில் வந்து சேர மூன்று வருடம் ஆயிற்று. கனரா ஜில்லாவிலிருந்து நிரப்பிய படிவம் வரவேயில்லை. இதைத் தயாரிக்க வெகு நேரம் பிடிக்கும், வழக்கமான வேலை கெடும் என்கிற பாணியில் பதில் மட்டும் வந்தது. ஆகவே அம்மா தலைமையாசிரியையே, உன் புகார் 200 வருடப் பழசு. அதைச் சொன்னவர் கலெக்டர் என்பதுதான் வித்தியாசம்!

1826 மார்ச் 10இல் மன்றோ கூட்டுத்தொகையை எழுதினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கிற முதல் பெரிய கணக்கு இதுதான். பின்னாளில் தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து 1983இல் புத்தகமாக வெளியிட்டார். தமிழ் ஜில்லாக்களின் பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் உயர்சாதியார் அல்லர் என்பது அதைப் பார்த்த பலருக்கு ஆச்சரியம்.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 'இதர சாதியார்' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்குள் யார் யார் இருந்தார்கள், யார் பள்ளித் திண்ணைப் பக்கமே போக முடியாமல் வெளியே நின்றார்கள் என்பதை அந்தக் கட்டத்தை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. படிவத்தில் கட்டம் இருப்பவர்கள் கணக்கில் தெரிவார்கள், இல்லாதவர்கள் தெரிய மாட்டார்கள். முதல் பாடம் இது.

இரண்டாவது பாடமும் மன்றோவிடமே இருக்கிறது. சென்னை நகரில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் 26,963 பேர் என்று கணக்கு வந்தது. பள்ளியில் படிப்பவர்களைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதைப் பார்த்த கவர்னர், இதில் ஏதோ பிழை இருக்கலாம் என்று தன் குறிப்பிலேயே எழுதி வைத்தார். தனக்கு வந்த எண்ணைத் தானே சந்தேகப்பட்டு எழுதிய அதிகாரி! கணக்குக் கொடுத்தவர்களை அவர் தண்டிக்கவில்லை, பரிசும் தரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஜில்லாதோறும் தாலுகாதோறும் அரசுப் பள்ளி வைக்கத் திட்டம் போட்டார். 1827இல் காலரா வந்து இறந்துபோனார். அவருக்குப் பின் அந்தத் திட்டமும் தேய்ந்துபோனது.

எண்ணோடு பணத்தைக் கட்டிப்போட்டது இங்கிலாந்து. 1862இல் அங்கே ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்திய விதித்தொகுப்பின்படி, பள்ளிக்கு மானியம் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒழுங்காக வந்தால் 4 ஷில்லிங். இன்ஸ்பெக்டர் முன்னால் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போச்சு. நமக்கெல்லாம் தெரிந்த 'லாக் புக்' இருக்கிறதே, அதைத் தலைமையாசிரியர் கட்டாயம் எழுத வேண்டும் என்று வைத்ததும் அதே விதித்தொகுப்புதான்.

விளைவு என்ன ஆயிற்று? வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் முழுக்க மனப்பாடம் செய்தார்கள். தேர்வில் வராத பாடங்கள் பின்னுக்குப் போயின. அந்த நாளில் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதைக் கடுமையாக எதிர்த்தார். 1890களில்தான் அங்கே இந்த முறை ஒழிந்தது. அதற்குள் அது கப்பலேறி நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்று பல காலம் நடந்து, கர்சன் பிரபு காலத்தில்தான் கைவிடப்பட்டது. எண்ணுக்குக் கூலி என்று வைத்தால் எண் வளர்ந்துகொண்டே போகும், பிள்ளை வளராது. மூன்றாவது பாடம் இது.

சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணிக்கைக்கு வேறொரு பொருள் வந்தது. எங்கெங்கே பள்ளியே இல்லை என்று கண்டுபிடிக்க 1957இல் முதல் அகில இந்தியக் கல்வி ஆய்வு நடந்தது. அதே காலத்தில்தான் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. சாப்பாட்டுப் பதிவேடும் வருகைப் பதிவேடும் ஒன்றுக்கொன்று சாட்சி என்று ஆயின. 1990களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு 'டைஸ்' வந்தது. செப்டம்பர் 30 என்றாலே நாங்கள் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்துவிடுவோம். 2012-13இல் தொடக்கப் பள்ளிக்கும் மேல்நிலைக்கும் சேர்த்து 'யூடைஸ்' ஆயிற்று. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் 33 என்று இருந்தால் அது தமிழ்நாடு. 2018-19இல் அது 'யூடைஸ் பிளஸ்' ஆனது. 2022-23 முதல் மொத்த எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் விவரத்தையும் தனித்தனியாக ஏற்றச் சொன்னார்கள். நம் மாநிலத்தில் 'எமிஸ்' ஏற்கெனவே பிள்ளைக்கொரு எண் கொடுத்திருந்தது.

பெயர் பெயராகக் கேட்டதும் என்ன நடந்தது தெரியுமா? நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை 2021-22இல் 26 கோடிக்கு மேல் இருந்தது. 2022-23இல் 25.17 கோடி ஆனது. 2023-24இல் 24.80 கோடி. முறை மாறிவிட்டதால் பழையதோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்கிறார்கள். அது நியாயம்தான். இரண்டு இடத்தில் பதிவாகியிருந்த பெயர்கள் நீங்கின என்றும் சொல்கிறார்கள். உண்மையிலேயே பள்ளியை விட்டவர்களும் இதில் இருக்கலாம். ஆனால் பெயர் இருந்தும் பிள்ளை இல்லாத இடங்கள் இருந்தன என்பதை நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அப்படி ஒரு பெயரை எழுதியவன் நான்.

இத்தனை நாள் இதை யாரிடமும் சொன்னதில்லை. 1980களில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தேன். ஊர் வேண்டாம். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. தீப்பெட்டி ஒட்டப் போகிறாள் என்றார்கள். ஒரு தடவை வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா, "தம்பியப் பாத்துக்கிட ஆளு இல்ல சார்" என்றார். திரும்பி வந்துவிட்டேன். விதிப்படி கொஞ்ச நாளில் பெயரை நீக்கியிருக்க வேண்டும். நீக்கினால் எண்ணிக்கை குறையும். குறைந்தால் இரண்டாவது பணியிடம் போய்விடும். அப்புறம் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். மற்ற பிள்ளைகளுக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டு, தலைமையாசிரியரும் நானும் அந்தப் பெயரை விட்டுவைத்தோம். வருகை போட்டோம். தேர்ச்சி போட்டோம். மூன்று நான்காகி, நான்கு ஐந்தாயிற்று. பள்ளி செல்லாக் குழந்தைகள் எத்தனை பேர் என்று மேலிருந்து கேட்டபோது, 'இன்மை அறிக்கை' அனுப்பினோம். இல்லை என்று எழுதினோம். அதனால் அவளைத் தேடி யாரும் வரவில்லை. பள்ளியில் இருக்கிற பிள்ளையை யார் தேடுவார்கள்?

பல வருடம் கழித்து, அது நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்த பிறகு, அங்கேயே தலைமையாசிரியராகப் போனேன். ஒரு நாள் ஒரு பெண் பதிவுத்தாள் கேட்டு வந்தார். சத்துணவில் சமையல் உதவியாளர் வேலைக்கு மனுப் போட வேண்டுமாம். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். ஐந்தாம் வகுப்பு தேர்ச்சி. அதன்படி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார் எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லுங்களேன்" என்றார்.

வாசித்துச் சொன்னேன். "அஞ்சு பாஸா நான்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால்தான், உங்கள் காலம் நிம்மதி என்று அந்தப் பிள்ளை சொன்னபோது ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்கு வேலை குறைவு என்றால், நாங்கள் எழுதியதை யாரும் சரிபார்க்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அதற்காக இன்று நடப்பதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. கேட்ட விவரத்தையே நாலு இடத்தில் நாலு மாதிரி கேட்பதும், 'மிக மிக அவசரம்' என்று ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி அனுப்புவதும் அநியாயம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிரக் கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. தரவு ஏற்றுவது கல்வி சார்ந்த வேலைதானே என்று வாதம் செய்யலாம். ஆனால் அந்த வேலை பாட நேரத்தைத் தின்னும்போது, கணக்கு எந்தப் பிள்ளைக்காக எடுக்கப்பட்டதோ அதே பிள்ளைதான் நஷ்டப்படுகிறது. பள்ளிக்கொரு எழுத்தர் வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். விடாமல் கேளுங்கள்.

ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எமிஸில் 'காமன் பூல்' என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு இன்னொரு பள்ளியில் இன்னும் சேராத பிள்ளைகளின் பெயர்கள் நிற்கிற இடம். எங்கள் காலத்தில் அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் பெயர் அங்கே நின்று, யாராவது கண்ணில் பட்டிருக்கும். உங்கள் பள்ளியிலிருந்து போய் அங்கே ரொம்ப நாள் நிற்கிற பெயர் எது என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு அந்த வீட்டுக்குப் போங்கள். ஒரு தடவை போய்விட்டு, நான் திரும்பி வந்த மாதிரி வந்துவிடாதீர்கள். இரண்டாம் தடவையும் போங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்தது. அவருடைய மகள் எங்கள் பள்ளியில்தான் எட்டாவது வரை படித்தாள். ஒரு நாள்கூட வராத நாளுக்கு வருகை போடவில்லை. போட வேண்டிய அவசியமும் வரவில்லை, அவள் ஒரு நாளும் லீவு போடுகிற ரகமில்லை.

பதிவு நீண்டுவிட்டது.  உங்கள் பள்ளிக் கணக்குக் கதைகள் இருந்தால் எழுதுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சார்