சேம அச்சு

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் ஆண்டுக் கணக்குகளுமே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு வண்டிச் சக்கரத்தின் வரலாறு. விலை கொடுத்து வாங்கிய புது வண்டி வழியிலே பழுதானால், அந்தப் பழுதின் சுமையைத் தாங்க வேண்டியவர் யார்? இக்கேள்விக்கு மனிதர் காலந்தோறும் அளித்த விடைகளையே இன்று சொல்லப் போகிறேன். இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்த இடம், ஏர்க்காட்டைச் சேர்ந்த சேர்வராயன் மலைமேல் உள்ள வெள்ளக்கடை என்னும் சிற்றூராகும்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். ஓய்வு பெற்றபின், நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு சிறிய கேரவன் வாங்கினோம். இரண்டு சக்கரங்களின்மேல் நிற்கும் ஓர் அறை. அதற்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு எல்லாம் உண்டு. அதற்கென இயந்திரம் இல்லை. ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்த அவ்வண்டி, வெள்ளை வண்ணம் மின்ன எங்கள் வாசலில் வந்து நின்றபோது, தெருவே கூடி நின்று பார்த்தது. எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை. முதற் பயணமாக வெள்ளக்கடைக்கு அருகில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரைக் காணக் குடும்பத்துடன் புறப்பட்டோம்.

சேலத்திலிருந்து ஏர்க்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. புதிய வண்டி அல்லவா, அப்படித்தான் ஒலிக்கும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். வெள்ளக்கடையை அடைந்த அன்றிரவு மழை பெய்தது. கூரைத் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் நீர் கசிந்து, படுக்கை நனைந்தது. தொட்டியிலிருந்து குழாய்க்கு நீர் வரும் இணைப்பும் ஒழுகியது. ஜீப்பில் தடையை அழுத்தியபோது வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்குகளுள் ஒன்று எரியவில்லை. இவையெல்லாம் சிறு குறைகளே என்று மறுநாளே மலையிறங்க நாங்கள் எண்ணியிருந்தோம்.

காலையில் அவ்வூரில் டிராக்டர்களையும் தோட்டத்து ஜீப்புகளையும் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரை நண்பர் அழைத்து வந்தார். அவர் கூரையையும் பார்க்கவில்லை, குழாயையும் பார்க்கவில்லை. வண்டியைச் சிறிது தூரம் இழுத்துவரச் சொன்னார். பிறகு குனிந்து, சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“வாத்தியாரய்யா, கையை இங்கே வைத்துப் பாருங்கள்” என்றார்.

வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. மற்றச் சக்கரத்தின் குடமோ வெதுவெதுப்பாகவே இருந்தது. சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார் அவர். உள்ளே இருந்த உருளைப் பேரிங்கில் கிரீஸ் பெயருக்குத்தான் இருந்தது. எஃகு நீலம் பாய்ந்திருந்தது. நடு நட்டையும் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். மிகவும் இறுக்கினால் உருளைகள் உராய்ந்து சூடேறும். மிகவும் தளர்த்தினால் சக்கரம் ஆடும். சூடு மிகுந்தால் எஃகு தன் உறுதியை இழக்கும். இறுதியில் சக்கரம் இறுகி நின்றுவிடலாம், கழன்றும் போகலாம். அது இருபது வளைவுகள் கொண்ட இறக்கத்தில் நிகழ்ந்திருந்தால்? ஜீப்பின் பின்னிருக்கையில் என் பேரக் குழந்தைகள் இருவர் இருந்திருப்பார்கள்.

சக்கரங்களை அச்சோடு பிணைக்கும் நட்டுகளையும் அவர் சோதித்தார். நான்கு நட்டுகள் கால் சுற்றுக்கும் மேல் திரும்பின. புதிய சக்கரத்தில் நட்டின் அடியில் உள்ள வண்ணப் பூச்சு ஓட்டத்தில் நசுங்கி, பிடிப்புத் தளர்ந்துவிடும். ஆகையால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் மறுபடியும் முடுக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். இதனை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

“புது வண்டி என்றால் எவனும் திறந்து பார்க்க மாட்டான். ஓடிய வண்டியை நம்பலாம் ஐயா. ஓடாத வண்டியை எதை வைத்து நம்புவது?” என்றார் அவர். புதிய பேரிங் வாங்கத் தம்பி பேருந்தில் சேலத்துக்கு இறங்கினான். நாங்கள் அன்று வெள்ளக்கடையிலேயே தங்கினோம்.

அன்றிரவுதான், வகுப்பில் பலமுறை சொல்லிய செய்தி ஒன்று எனக்குப் புதிதாகப் புரிந்தது.

சேர்வராயன் மலைக்கு வடக்கே தருமபுரி இருக்கிறது. அதுவே சங்க காலத்துத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவ்வரசன் கற்பனை அல்லன் என்பதற்குத் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சான்றாக நிற்கிறது. அவன் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 102-ஆம் பாட்டாக உள்ளது. அதில் வரும் உவமை மிகவும் வியப்பானது. உப்பு வணிகராகிய உமணர், பழக்கப்படாத இளங்காளைகளையும், மிகுந்த பாரத்தையும், மேடு பள்ளமான வழியையும் எண்ணி, வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு செல்வார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். சேமம் என்றால் காவல். ஒன்று முறிந்தால் மற்றொன்று உதவும். அத்தகைய காவலன் எழினி என்கிறார் ஔவையார்.

அந்த உமணர் வண்டி பாரவண்டி மட்டுமன்று. நடமாடும் வீடும் ஆகும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அதனை நேரில் காண்பதுபோல் காட்டுகிறது. வண்டிக்குக் கூரை வேய்ந்திருக்கும். அது யானையை விரட்டக் காவலர் கட்டிய குடிசை போலத் தோன்றும். கோழிக்குக் கூடு உண்டு. காடி வைத்த கலம் தொங்கும். கைக்குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்டிச் செல்வாள். குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு உப்பு விற்கச் சென்ற அம்மக்களுக்கு, அச்சு முறிந்தால் முறையிட இடம் ஏது? பழுதின் சுமை முழுவதும் பயணியின் தலையிலேயே விழுந்தது. எனவே மாற்று அச்சை அவர்களே சுமந்தார்கள். நாம் இன்று மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோம். 1904-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், மோட்டார் வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயரே பொருளின் பெயராகி நம் ஊர்ப் பட்டறை வரை வந்துவிட்டது. அப்பொருளின் கருத்தோ, அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தகடூர்ப் பாட்டில் இடம் பெற்றுவிட்டது.

இனி மேலை நாட்டைப் பார்ப்போம். இன்பப் பயணத்திற்கென்றே கட்டப்பட்ட முதற் கேரவன் என்று போற்றப்படுவது ‘வாண்டரர்’ என்னும் வண்டி. கடற்படை மருத்துவராயிருந்த வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பார், 1885-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் அதனைச் செய்வித்தார். இரண்டு குதிரைகள் இழுக்க, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை அதிலேயே வாழ்ந்துகொண்டு சென்றார். 1907-இல் அந்நாட்டில் கேரவன் சங்கமும் தோன்றியது. வண்டி வளர்ந்தது. ஆனால் பழுதுக்குப் பொறுப்பாளி யார் என்னும் கேள்விக்கு அக்காலச் சட்டம் தந்த விடை கொடியது.

1842-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்டர்பாட்டம் என்பவர் வழக்குத் தொடுத்தார். அவர் தபால் வண்டி ஓட்டியவர். வண்டியின் மறைவான குறையினால் அது வழியில் நொறுங்க, அவர் தூக்கி எறியப்பட்டு முடமானார். வண்டியை அளித்துப் பழுது பார்க்க ஒப்புக்கொண்டிருந்தவர் ரைட் என்பார். நீதிமன்றம் என்ன கூறிற்று? ரைட் ஒப்பந்தம் செய்துகொண்டது தபால் துறையோடு, ஓட்டுநரோடு அன்று, ஆகவே ஓட்டுநருக்கு வழக்குத் தொடுக்க உரிமையில்லை என்று கூறிற்று. முடமானவருக்குக் கிடைத்தது இதுவே.

இத்தீர்ப்பின் நிழல் நீங்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1916-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மற்றொரு சக்கர வழக்கு வந்தது. மக்பெர்சன் என்பவர் விற்பனையாளரிடம் வாங்கிய பியூயிக் மோட்டார் வண்டியின் சக்கரம், ஆரக்கால் மரத்தின் குறையால் சிதைந்து, அவர் காயமுற்றார். சக்கரத்தைச் செய்தது வேறொரு நிறுவனம். வண்டியை விற்றது வேறொருவர். ஆகவே எமக்குப் பொறுப்பில்லை என்றது வண்டி செய்த நிறுவனம். நீதிபதி கார்டோசோ அதனை ஏற்கவில்லை. கவனமின்றிச் செய்தால் உயிருக்கு ஊறு விளைவிக்கும் என்று தெரிந்த பொருளைச் செய்பவர், அதனைச் சோதித்துத் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்று ஒதுங்க முடியாது என்று தீர்ப்பளித்தார். சோதித்திருந்தால் அம்மரத்தின் குறை தெரிந்திருக்கும் என்பதே அவ்வழக்கின் உயிர்நாடி. வெள்ளக்கடை முதியவர் உள்ளங்கையால் செய்த சோதனையும் அத்தகையதே அன்றோ?

நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் பழைய விதியைப் பெரிதும் தழுவியது. எனினும் அதற்குச் சில விலக்குகளையும் தந்தது. இன்ன வேலைக்காக வாங்குகிறேன் என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அவ்வேலைக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். நாமே சோதித்து வாங்கினால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இச்சட்டத்தில் நாம் முறையிட இயலாது. உள்ளே மறைந்த குறைக்கு முறையிடலாம். கூரை ஒழுகுவதை மழை காட்டும். பேரிங்கின் வறட்சியை யார் காட்டுவார்? சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தது.

ஆயினும் எளியவர் உரிமையியல் நீதிமன்றப் படியேறிப் பல ஆண்டுகள் காத்திருக்க இயலாது. ஆகவே 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குறையை நீக்கித் தருதல், பொருளை மாற்றித் தருதல், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு வழங்குதல் ஆகியவற்றை ஆணையிட மாவட்டந்தோறும் அமைப்புகள் உண்டாயின. அச்சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிசம்பர் 24-ஆம் நாளே தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால், செய்தவரும் விற்றவரும் எவ்வெவ்வாறு பொறுப்பாவர் என்று அது தனி அத்தியாயத்திலேயே வகுத்துரைக்கிறது. முறையீட்டை இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கூரை, குழாய், விளக்கு, பேரிங், நட்டு என்று குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிட்டு எழுதினோம். எந்த நாளில், எத்தனை கிலோமீட்டரில், எந்நிலையில் கண்டோம் என்று குறித்தோம். கழற்றிய பேரிங்கை எறியாமல் துணியில் சுற்றி வைத்தோம், படமும் எடுத்தோம். பட்டறைக்காரர் முதலில், மலைமேல் ஏற்றியது உங்கள் தவறு என்றார். மலைக்குச் செல்லவே வேண்டும் என்று நாங்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்த தாளின் படியைக் காட்டினோம். அதன்பின் அவர் பேச்சு மாறியது. கூரையையும் விளக்கையும் செப்பனிட்டுத் தந்தார். பேரிங்கின் விலையையும் கொடுத்தார். வழக்குக்குத் தேவை ஏற்படவில்லை. ஒரு தாள் அவ்வளவு செய்தது. உமணர்க்கு அத்தாள் இல்லை. வின்டர்பாட்டத்திடம் இருந்திருந்தாலும் பயனில்லை. நமக்கு அது இருக்கிறது. அதனைப் பெற்றுத் தந்தது நீண்ட வரலாறு.

ஆனால் சட்டம் மலையிறக்கத்தில் நம்முடன் வண்டியில் வருவதில்லை. நீதி கிடைப்பது விபத்துக்குப் பின். கையை வைத்துச் சூடு பார்ப்பதோ விபத்துக்கு முன். ஆகையால் இரண்டும் வேண்டும்.

மறுநாள் மாலை தம்பி வாங்கி வந்த பேரிங்கை முதியவர் பொருத்தி, கிரீஸ் நிறைத்து, அளவாக இறுக்கினார். மலையிறங்கும்போது வளைவுகளுக்கு இடையே பாதுகாப்பான இடங்களில் நான்கு முறை நின்று குடத்தைத் தொட்டுப் பார்த்தோம். நான்கு முறையும் கை பொறுக்கும் சூடே இருந்தது. தம்பி ஒரு பேரிங்குக்கு இரண்டாக வாங்கி வந்திருந்தான். மற்றொன்றை எண்ணெய்த் தாளில் சுற்றி, வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். என் பேத்தி அது என்னவென்று கேட்டாள். சேம அச்சு என்று சொன்னேன்.