வீராங்கனை என்ற பட்டம்

என் வயதை ஒத்தவர்களுக்கு அந்த 5 பைசா தபால் தலை நினைவிருக்கும். 1971 நவம்பர் நடுவில், கடிதங்களுக்கு வழக்கமான தலையோடு கூடுதலாக ஒரு 5 பைசா தலையும் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. குடும்பக் கட்டுப்பாடு தபால் தலையின் மேலேயே 'அகதிகள் நிவாரணம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து அனுப்பினார்கள். சில ஊர்களில் அதுவும் போதாமல் ரப்பர் ஸ்டாம்பால் குத்திக் கொடுத்தார்கள். நான் தபால் துறையில் சேர்ந்த புதிது. கவுண்டரில் 'இது என்ன புது வரி?' என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு, விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் காசை வைத்தவர்களும் உண்டு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் நம் நாட்டுக்குள் வந்திருந்த நேரம் அது.

டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. நம் பத்திரிகைகளில் அதன் பிறகு வெற்றிச் செய்திதான். அந்த ஒன்பது மாதத்தில் அங்கே பெண்களுக்கு என்ன நடந்தது என்பது அரைகுறையாகத்தான் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

படையினராலும் அவர்களுக்குத் துணை நின்ற உள்ளூர் ஆட்களாலும் சீரழிக்கப்பட்ட பெண்கள் இரண்டு லட்சம் பேர் என்பது வங்கதேச அரசு சொல்லும் கணக்கு. கூட்டியும் குறைத்தும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. புதிதாகப் பிறந்த ஒரு நாடு, கஜானாவில் காசில்லாமல், பாலமும் ரயில் பாதையும் உடைந்து கிடந்த நிலையில், இந்தப் பெண்களை என்ன செய்வது என்று யோசித்ததே பெரிய விஷயம் என்பது என் எண்ணம். அதற்கு முன் நடந்த எத்தனையோ போர்களில் அப்படி யோசித்த அரசு எது?

போர் முடிந்த சில நாட்களிலேயே அவர்களுக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள். பீராங்கொனா. வேறொன்றுமில்லை, நம்முடைய வீராங்கனைதான். நாம் விளையாட்டுப் பக்கத்தில் தினமும் படிக்கிற சொல். 'இவர்கள் கெட்டுப்போனவர்கள் இல்லை, நாட்டுக்காகத் துன்பப்பட்டவர்கள், ஊரும் உறவும் ஏற்றுக்கொள்ள வேண்டும்' என்பதுதான் நோக்கம். ஷேக் முஜிபுர் ரஹ்மான் கூட்டங்களில் இவர்களைத் தன் மகள்கள் என்றே பேசினார்.

ஆனால் ஊர் வாய் இருக்கிறதே! வங்க மொழியில் பாராங்கொனா என்றால் விலைமகள். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அரசு மாலை போல் போட்ட சொல்லை ஊரார் கேலிப் பெயராக்க அதிக நாள் ஆகவில்லை.

1972 தொடக்கத்தில் பெண்கள் மறுவாழ்வு வாரியம் அமைத்தார்கள். நீதிபதி கே.எம். சோபான் தலைவர். டாக்காவிலும் மாவட்டங்களிலும் இல்லங்கள் திறந்தார்கள். தையல், தட்டச்சு, கைத்தொழில் கற்றுக் கொடுத்தார்கள். கருவுற்ற பெண்களின் நிலைமைதான் மிகவும் அவசரம். கருக்கலைப்பு, 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டப்படி குற்றம். அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஜெஃப்ரி டேவிஸ் என்ற மருத்துவர் வந்து மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தார். பிறந்துவிட்ட குழந்தைகளை வெளிநாட்டவர் தத்து எடுக்க 1972-லேயே தனி உத்தரவு போட்டார்கள். அந்த ஜூலையில் கனடாவுக்கு மட்டும் 15 குழந்தைகள் போயின. குழந்தையைக் கொடுக்க மனமில்லாத தாய்மாரும் இருந்தார்கள் என்று அந்தப் பணியில் இருந்தவர்கள் பிறகு எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் அதிகம் கேட்கவில்லை.

கல்யாண ஏற்பாடும் நடந்தது. வீராங்கனைகளை மணக்க இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று அரசே வேண்டுகோள் விட்டது. வந்தவர்களில் சிலர் என்ன கேட்டார்கள் தெரியுமா? சிவப்பு நிறத்தில் ஜப்பான் கார். இன்னொருவர் தன்னுடைய கவிதைகளை அச்சுப் போட்டுத் தர வேண்டும் என்றாராம். சிரிப்பதா அழுவதா?

அரசு வேலையில் போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடும் வந்தது. அரசு வேலையில் இருந்தவன் என்ற முறையில் அந்த வரியைப் படித்ததும் எனக்கு அந்த மனுதான் கண்ணில் வந்தது. ஒதுக்கீட்டில் கேட்க வேண்டுமானால் எந்தப் பிரிவு என்று எழுதியாக வேண்டும். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு குமாஸ்தாவிடம் நீட்டும் தைரியம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? 1985-ல் அந்த இடங்களைப் பொதுவாகப் பெண்களுக்கான ஒதுக்கீடாக மாற்றிவிட்டார்கள்.

டாக்கா பல்கலைக்கழகப் பேராசிரியை நீலிமா இப்ராஹிம் அம்மையார் இந்த மறுவாழ்வுப் பணியில் இருந்தவர். சரணடைந்த பாகிஸ்தான் சிப்பாய்களைக் கைதிகளாக இந்தியாவுக்குக் கொண்டுபோகும்போது, சில வங்காளப் பெண்களும் அவர்களோடு புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்த் தடுத்திருக்கிறார். அவர்களில் பலர் கேட்கவில்லை. இங்கே இருந்தால் எங்களை யார் வீட்டில் சேர்ப்பார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. அந்த அம்மையாரிடம் அதற்குப் பதில் இல்லை. தொண்ணூறுகளில் அப்படிப்பட்ட பெண்களின் கதைகளை அவரே இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார்.

1975 ஆகஸ்ட் 15-ல் முஜிபைக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்றார்கள். ஆட்சி மாறியது, அதோடு இந்த வேலையும் படுத்துவிட்டது. சிராஜ்கஞ்ச் இல்லத்தை மூடியபோது அங்கிருந்த பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அங்கே அவர்களோடு வேலை பார்த்த சஃபினா லோஹானி என்ற பெண்மணி அத்தோடு விட்டுவிடவில்லை. பின்னாளில் ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்து, ஓர் அமைப்பு வைத்து, கூட்டி உட்கார வைத்துப் பேச விட்டார். அரசாங்கத் திட்டம் மூன்று நான்கு வருஷம். அந்த அம்மாள் பல பத்து வருஷம். அந்தப் பெண்களுக்கு எது உதவியாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

குஷ்டியா கதை வேறு மாதிரி. 1992 மார்ச் 26-ல் எழுத்தாளர் ஜஹனாரா இமாம் முதலியோர் டாக்காவில் மக்கள் நீதிமன்றம் ஒன்றைக் கூட்டினார்கள். போர்க்குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டும் என்ற நியாயமான கோரிக்கை. அதற்குக் குஷ்டியா பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று ஏழைப் பெண்களை அழைத்துப் போனார்கள். மறுநாள் அவர்கள் படம் பத்திரிகையில் வந்துவிட்டது. 1971-ல் நைபுதீன் அகமது எடுத்த புகழ்பெற்ற படத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைக் கூந்தல் மறைத்திருக்கும். இவர்களுக்கு அந்த மறைப்பும் கிடைக்கவில்லை.

சில வருஷம் கழித்து அந்தக் கிராமத்தில் போய்த் தங்கி ஆராய்ந்தவர் நயனிகா முகர்ஜி என்ற மானிடவியல் பேராசிரியை. ஊர்ப் பெயரை மாற்றித்தான் எழுதினார். அவர் எழுதியதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இந்த மூன்று பெண்களையும் கணவன்மார் கைவிடவில்லை! நிலமில்லாத கூலி ஜனங்கள். இருபது வருஷமாகச் சேர்ந்தே குடும்பம் நடத்தி, பிள்ளைகளையும் வளர்த்திருக்கிறார்கள். ஊருக்கு எல்லாம் தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. படம் வந்த பிறகுதான் சொல்லிக்காட்டுவது ஆரம்பித்தது. குழாயடியிலும் சந்தையிலும் கணவனையும் பிள்ளையையும் குத்திப் பேசினார்கள். 'சும்மாவா போனார்கள், நல்ல பணம் வாங்கியிருப்பார்கள்' என்ற பேச்சு வேறு. செய்து தருகிறோம் என்று டாக்காக்காரர்கள் சொன்னதில் பெரும்பாலும் வந்து சேரவில்லை.

தானாகவே முன்வந்து பேசியவர் சிற்பி பிர்தௌசி பிரியபாஷிணி. 1999 வாக்கில், தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். ஒதுங்கிய கட்டை, காய்ந்த வேர், உதிர்ந்த கிளை இவற்றை எடுத்துச் சிற்பம் செய்தவர். 2010-ல் நாட்டின் உயரிய சுதந்திர விருது அவருக்குக் கிடைத்தது. படித்தவர், டாக்காவில் இருந்தவர், உடன் நிற்கக் குடும்பமும் நண்பர்களும் உள்ளவர். அவருக்கு முடிந்தது என்பதால் குஷ்டியா பெண்ணுக்கும் முடியும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2018 மார்ச்சில் காலமானார்.

வீராங்கனைகளும் விடுதலைப் போராளிகளே, போராளிகளுக்குரிய மாத உதவித்தொகையும் சலுகையும் இவர்களுக்கும் உண்டு என்று அரசு ஆணை வந்தது எப்போது? 2015 அக்டோபரில். பட்டம் கொடுத்து 44 வருஷம் கழித்து! முதல் பட்டியலில் நாற்பது சொச்சம் பெயர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தும் சில நூறு பேரைத் தாண்டவில்லை. இரண்டு லட்சம் எங்கே, சில நூறு எங்கே!

அதற்குக் காரணங்களில் ஒன்று காகிதம். பெயர் வெளியே தெரிந்தால் பெண்களின் வாழ்க்கை போய்விடும் என்று மறுவாழ்வு இல்லங்களின் பதிவேடுகளை அழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு அது நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். 2015-ல் மனுப் போட்டவர்களிடம் ஆதாரம் கேட்டார்கள். உள்ளூரில் விசாரணை, சாட்சி, பரிந்துரை, அதன் பிறகு டாக்கா. வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுக்கவே நமக்கெல்லாம் எரிச்சல் வருகிறது. அறுபது எழுபது வயதுக் கிழவி, தனக்கு நடந்ததை ஊர்க்காரர் முன்னால் நிரூபிக்க வேண்டும்.

நிரூபிக்க முடிந்தும் போகாதவர்கள் இருக்கிறார்கள். பெற்ற மகனுக்கும் மருமகளுக்கும் தெரியாமல் வைத்திருக்கிற விஷயம் அது. உதவித்தொகை வாங்கப் போனால் முதல் மாதமே வீட்டில் கேட்பார்கள், இது எதற்கு வருகிற பணம் என்று.