கோ ஆடிய யந்திரங்கள்

மதிநுட்பத்தால் ஆடும் ஆட்டங்களுள் சதுரங்கத்தை அறியாதார் நம் நாட்டில் அரியர். கிழக்காசிய நாடுகளில் அதனினும் பழைமை வாய்ந்த ஆட்டமொன்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றது. சீனர் அதனை ‘வெய்ச்சி’ என்பர். கொரியர் ‘பாடுக்’ என்பர். யப்பானியர் ‘கோ’ என்பர். கோ என்னும் சொல் தமிழில் அரசனைக் குறிக்கும். ஆயினும் இவ்வாட்டத்தில் அரசனும் இல்லை, மந்திரியும் இல்லை. நெடுக்கே 19, குறுக்கே 19 கோடுகள் கீறிய பலகையில் 361 சந்திகள் உள. ஒருவர் கருங்கல்லும் மற்றவர் வெண்கல்லுமாக இருவர் மாறி மாறிச் சந்திகளில் வைப்பர். வைத்த கல் இடம் பெயராது. எதிரியால் முற்றாகச் சூழப்பட்டால் மட்டுமே பலகையை விட்டு நீங்கும். இறுதியில் மிகுதியான இடத்தை வளைத்துக் கொண்டவர் வென்றவராவார்.

விதிகள் சில, அவற்றின் விளைவுகளோ எண்ணிலடங்காதவை. இவ்வாட்டத்தைக் கணனிக்குப் பயிற்றும் முயற்சி 1960களில் தொடங்கியது. 1968இல் அமெரிக்கரான அல்பர்ட் சோப்ரிஸ்ட் ஆக்கிய நிரல், ஆடப் பழகத் தொடங்கிய ஒருவரை வென்றது. அதன்பின் முப்பது ஆண்டுகள் சென்றும் முன்னேற்றம் மிக மெதுவாகவே இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரரை வெல்லும் நிரலுக்குத் தைவானின் இங் அறநிலையம் அறிவித்த பெரும்பரிசு, 2000ஆம் ஆண்டில் அதன் காலம் முடியும்வரை எவர் கைக்கும் எட்டவில்லை. 1997இல் ‘டீப் புளூ’ என்னும் கணனி சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்று உலகை வியக்க வைத்தது. மறு ஆண்டிலே, மார்ட்டின் முல்லர் என்பவர் புகழ்பெற்ற ஒரு கோ நிரலுக்கு 29 கற்களை முன்னதாகவே வைக்க இடங்கொடுத்தும் அதனைத் தோற்கடித்தார்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? சதுரங்கத்திலே காய்களின் பெறுமதியைக் கூட்டிக் கழித்து யார் முன்னிற்கிறார் என ஓரளவு கணிக்கலாம். கோ ஆட்டத்தில் எல்லாக் கல்லும் ஒரே பெறுமதி உடையன. இன்று வைத்த கல்லின் பயன் நூறு கற்கள் வைத்த பின்னரே புலனாகலாம். கணக்கிட வல்ல யந்திரம், எதனைக் கணக்கிடுவது என அறியாது நின்றது.

இந்நிலையில் இணையம் புதியதொரு களத்தை அமைத்துத் தந்தது. 1992இல் இணையவழிக் கோ ஆட்ட நிலையம் ஒன்று தோன்றியது. 2000ஆம் ஆண்டை ஒட்டி வில்லியம் ஷூபர்ட் என்பவர் ‘கே.ஜி.எஸ்.’ நிலையத்தை நிறுவினார். பல நாட்டு மனிதர் கூடிய அக்களத்தில் நிரல்களுக்கும் இடம் கிடைத்தது. நிலையம் பேசும் மொழி ஒன்று. நிரல் அறிந்த மொழி வேறு. இரண்டுக்கும் நடுவே சிறு நிரலொன்று துவிபாஷி போல நிற்கும். ‘கறுப்பு இன்ன சந்தியில் வைத்தது’ என்று அது அறிவிக்கும். ‘வெள்ளை எங்கே வைக்கும்?’ என்று வினவும். பெற்ற விடையை நிலையத்துக்கு அனுப்பும். இதற்கென ‘ஜீ.ரி.பி.’ என்னும் எளிய பொதுக் கட்டளைமொழி வழக்கில் இருந்தமையால், வீட்டுக் கணனி ஒன்றை உடையவரும் தம் நிரலைக் களத்தில் இறக்க முடிந்தது. அவர் உறங்கும் வேளையிலும் அவரது நிரல் முகமறியாதாரோடு ஆடிக்கொண்டிருந்தது.

ஆய்வுகூடத்தில் தோன்றாத குறைகள் இங்கே வெளிப்பட்டன. ஆட்டம் முடிந்தபின் எக்கற்கள் மாண்டவை என இருவரும் இணங்குதல் கோ மரபு. மனிதர் பார்த்த அளவில் இணங்குவர். நிரலுக்கு அது கைவரவில்லை. ஆதலால் மாண்ட கற்களை உண்மையாகவே பிடித்து அகற்றுமாறு தனிக்கட்டளை ஒன்று வகுக்க வேண்டியதாயிற்று. ஒரு நிரலின் பலவீனத்தைக் கண்டுகொண்டவர், அதே சூழ்ச்சியால் அதனை மீண்டும் மீண்டும் வெல்லலாம். தோல்வி ஒவ்வொன்றும் நிரலாளருக்குப் பாடமாயிற்று.

2005 முதல் கே.ஜி.எஸ். நிலையத்தில் நிரல்களுக்கெனப் போட்டிகள் ஒழுங்காக நடைபெற்றன. டொன் டெய்லி என்பவர், நிரல்கள் தம்முள் இரவு பகலாக ஆடித் தரம் பெறுதற்கென்றே தனி நிலையம் ஒன்றை அமைத்தார். 2006இல் புதிய நெறி பிறந்தது. ஒரு நிலையிலிருந்து ஆட்டத்தை ஏறத்தாழக் குருட்டாம்போக்கில் பல்லாயிரம் முறை முடிவுவரை ஆடிப் பார்த்து, மிகுதியாக வெற்றி தரும் கிளைகளை மேலும் ஆராய்வதே அந்நெறி. பிரான்சில் ரெமி கூலோம் ஆக்கிய ‘கிரேசி ஸ்டோன்’, அந்நாட்டு ஆய்வாளர் ஆக்கிய ‘மோகோ’ ஆகியன இவ்வழியே முன்னணிக்கு வந்தன. 2008 ஆகஸ்டில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கொரியத் தொழில்முறை வீரர் கிம் மியோங்வானை, ஒன்பது கற்கள் முன்வைத்து மோகோ வென்றது. அதனை இயக்கிய பெருங்கணனி ஐரோப்பாவில், அம்ஸ்ரர்டாமில் இருந்தது. கே.ஜி.எஸ். வழியாக ஒவ்வொரு கல்லும் அட்லாண்டிக் மாகடலைக் கடந்தது எனலாம். 2012இல் யப்பானிய நிரலான ‘சென்’, நான்கு கற்களே முன்வைத்து டக்கெமியா மசாக்கியை வென்றது.

அதன்பின் வேகம் கூடியது. இலண்டனிலுள்ள டீப்மைண்ட் நிறுவனத்தின் ‘அல்பாகோ’, 2016 மார்ச்சில் கொரிய வீரர் லீ செடோலை நான்குக்கு ஒன்றென வென்றது. அவ்வாண்டின் முடிவிலே, ஆசிய ஆட்ட நிலையங்களில் ‘மாஸ்டர்’ எனும் பெயருடன் அறியாத ஒருவர் தோன்றினார். உலகின் தலைசிறந்த வீரர் பலர் அவரிடம் தோற்றனர். அவரை முதலில் வெல்பவருக்கு 1,00,000 யுவான் தருவதாகச் சீன வீரர் கு லி அறிவித்தார். அப்பரிசு எவருக்கும் உரியதாகவில்லை. அறுபது ஆட்டம், அறுபது வெற்றி. 2017 ஜனவரி 4ஆம் திகதி, ஆடியது அல்பாகோவே என அந்நிறுவனம் வெளியிட்டது.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. கே.ஜி.எஸ். களத்தில் யந்திரம் யந்திரம் என்ற அடையாளத்துடன் அமர்ந்தது. எதிரில் இருந்தவர் அறிந்தே ஆடினார். மாஸ்டரோடு ஆடியவர்க்கு அவ்வறிவு வழங்கப்படவில்லை. மறைவு சோதனையைச் செம்மையாக்கியிருக்கலாம். ஆயினும், தம்முடன் ஆடுவது மனிதனா யந்திரமா என்று அறியும் உரிமை ஆட்டக்காரனுக்கு உண்டு. அவ்வாட்டங்களால் விளைந்த பயனையும் மறுத்தல் கூடாது. தொடக்கத்திலேயே எதிரியின் மூலைக்குள் புகுதல் தகாது எனப் பழைய ஆசான்கள் விலக்கியிருந்தனர். யந்திரம் அவ்வாறே புகுந்து வென்றமை கண்டு வீரர்கள் தம் பாடத்தைத் திருத்திக்கொண்டனர்.

கதை அத்துடன் முடியவில்லை. மனிதரை விஞ்சிவிட்டதெனக் கருதப்பட்ட ‘கட்டகோ’ நிரலிலும் ஆய்வாளர் ஒரு குறையைக் கண்டனர். தன் கற்கூட்டம் வளையமாகச் சூழப்படுவதை அது உணரத் தவறியது. வேறொரு நிரலின் துணையால் வெளிப்பட்ட அச்சூழ்ச்சியைக் கற்றுக்கொண்ட அமெரிக்க ஆட்டக்காரர் கெலின் பெல்ரின், கணனியின் உதவியின்றி ஆடிய 15 ஆட்டங்களில் 14ஐ வென்றார் என்ற செய்தி 2023இல் வெளிவந்தது. வலிய யந்திரமும் எங்கே வழுவும் என்பதனை அதனை ஆக்கியவர் மட்டும் ஆராய்ந்து அறிந்துவிட முடியாது. யாரும் வந்து ஆடலாம் எனத் திறந்துவிட்ட களமும், எதிரில் இருப்பது யந்திரம் என்னும் ஒளிவற்ற அறிவிப்புமே அதற்கு வேண்டுவன. கோ ஆட்ட நிலையங்கள் வருங்காலத்துக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.