பஞ்சாயத்து

வரப்புத் தகராறு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால்கூட ‘பஞ்சாயத்து பேசி முடித்தார்கள்’ என்கிறோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘பஞ்ச’ என்ற வடசொல்லுக்கு ஐந்து என்று பொருள். ஐவர் கூடிய ஊரவை பஞ்சாயத்து. பிறகு உள்ளாட்சிக்குப் பெயரானது. பேச்சுவழக்கில் தகராறே பஞ்சாயத்தாகிவிட்டது: ‘அங்கே என்ன பஞ்சாயத்து?’ முன்னால் ‘கட்ட’ சேர்ந்தால், அடியாட்களை நிறுத்திப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அடாவடி. மக்கள் நீதிமன்றத் தீர்வோ 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்; மேல்முறையீடு கிடையாது, நிலுவை வழக்கென்றால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லா? ‘சமரசம்’ நல்ல சொல்தான், ஆனால் இன்று அதில் கொள்கையை விட்டுக்கொடுத்த வாடை அடிக்கிறது. நான் ‘இணக்கத் தீர்வு’ என்றே எழுதுகிறேன். இணங்குதலில் சம்மதமும் உண்டு, பொருந்துதலும் உண்டு. பங்காளிகள் சேர்ந்து எல்லைக்கல் நடுவதற்கு இரண்டுமே வேண்டும்.