தாய்ப் பன்றியின் குருதியும் செம்மண்ணும்

கோயமுத்தூரிலிருந்து இரயிலில் மேற்கே செல்லும் நேயர்கள், பாலக்காட்டைத் தாண்டி ஒற்றைப்பாலத்தை நெருங்குகையில் மண் சிவந்து வருவதைக் கண்டிருப்பர். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டாகிய 1800இல், வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி நாட்டு நிலையை ஆராயப் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவரும் இவ்வழியே மலையாள நாட்டில் புகுந்தார். அங்காடிப்புறத்தில், தோண்டுங்கால் மென்மையாய் இருந்து காற்றுப் பட்டதும் இறுகும் செந்நிறக் கல்லை அவர் கண்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு, 1807இல் வெளிவந்த தமது நூலில் அதற்கு லாட்டரைட் என்று பெயரிட்டார். அந்தச் சிவப்பு இரும்பின் சிவப்பு.

இம்மண்ணுக்கும் பன்றிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு; பல காலம் அதை எவரும் அறியாதிருந்தனர் என்பதே வியப்பு.

பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடலில் உள்ள இரும்பு ஏறக்குறைய 50 மில்லிகிராம். ஒரே வாரத்தில் அது எடையில் இரட்டிப்பாகிறது. மனிதக் குழந்தைக்கு இதற்கு ஐந்து மாதம் வேண்டும். அவ்வளவு விரைவாக உடல் வளர்ந்தால், புதுக் குருதியும் அதற்கேற்ப ஊற வேண்டுமன்றோ? நாளொன்றுக்கு அதற்கு 7 மில்லிகிராம் இரும்பு தேவை. தாய்ப்பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம் அளவே. பத்து நாட்களுக்குள் கையிருப்புத் தீர்ந்துவிடும். காது வெளிறும், மயிர் முரடாகும், மூச்சு வாங்கும். கொழுகொழுவென்று வளர்ந்த குட்டியே பல வேளைகளில் முதலில் மாண்டுபோகும்.

தாய்க்கு இரும்புச் சத்தை மிகுதியாக ஊட்டினால் போதாதா என்பது எவருக்கும் தோன்றும் எண்ணம். பாலில் இரும்பு அதனால் ஏறுவதில்லை. கருவில் இருக்கும் குட்டியின் சேமிப்பும் சிறிதே கூடுகிறது. தாயின் கொடைக்கு இயற்கை இங்கே ஒரு வரம்பு கட்டியிருக்கிறது.

மண்ணைக் கிளறித் திரிந்த காலத்தில் அங்கமாலிப் பன்றி என்னும் சிறிய கரிய நாட்டினத்துக்கு இக்குறை பெரிதாகத் தோன்றியிராது. மூக்கில் ஒட்டிய செம்மண்ணே மருந்தாயிற்று. பண்ணைகள் பெருகி, தரை சிமெண்டால் மூடப்பட்டதும் நோய் வெளிப்பட்டது. ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் மக்கௌவன், கிரைட்டன் என்ற இருவர் 1923இல் இது இரும்புக் குறைவே என்று காட்டினர். அதன்பின் குடியானவர்கள் புல்லோடு கூடிய மண்கட்டியைத் தொழுவத்தில் இட்டனர். தாயின் மடியில் இரும்பு உப்புக் கரைசலைப் பூசினர். எளிய வைத்தியந்தான், ஆயினும் எந்தக் குட்டி எவ்வளவு உட்கொண்டது என்று யார் கண்டார்? 1950களில் வந்த இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி அந்த ஐயத்தைப் போக்கிற்று. பிறந்த மூன்றாம் நாளையொட்டி 200 மில்லிகிராம், ஒரே முறை.

இடுக்கி மலைச்சரிவுகளில் மிளகும் ஏலமும் பயிரிடும் சிறு குடியானவர்கள் இன்று சீமை வெண்பன்றியை வளர்க்கின்றனர். குட்டிகளை மண்ணில் விட்டுவிடலாமே என்பார்க்கு ஒரு தடை உண்டு. 2022இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கேரளத்தில் புகுந்தது. காட்டுப் பன்றியோடு கலவாமல் அடைத்து வளர்ப்பதே காப்பு. மண்ணிலிருந்து குடற்புழுக்களும் வரக்கூடும். ஆகவே மூன்றாம் நாள் ஊசியைத் தவறவிட்டால் ஒரு ஈற்றின் வருவாயே போய்விடலாம்.

எனினும் தாயின் குருதியை மறந்துவிடலாகாது. குருதிச் சிவப்புப் பொருள் குறைந்த தாய்ப் பன்றிகளிடம் குட்டிகள் செத்துப் பிறப்பது கூடுதலாய் இருப்பதை டென்மார்க்கில் அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் கண்டன. பல ஈற்றுக் கண்ட முதிய தாய்களில் இச்சோகை மிகுதி. பிறந்த குட்டிக்கு ஊசி இருக்கிறது. பிறவாததற்கு, சினைக் காலத்தில் தாய் உண்ணும் தீவனம் ஒரு வழி.