கொடுங்கை முதல் டோர் வைசர் வரை

கார் ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருக்கும் வளைந்த பட்டையை டோர் வைசர் என்றும் ரெயின் வைசர் என்றும் கடைகளில் சொல்கிறார்கள். மழையில் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கினால் காற்று வர வேண்டும், தண்ணீர் வரக்கூடாது. அதற்காகத்தான் இந்தப் பட்டை. பொருள் புதியது, தேவை மிகப் பழையது. அந்தத் தேவைக்கு முன்னோர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கப் புதுக்கோட்டை மாவட்டம் நல்ல இடம்.

முதலில் குகைகள். தமிழகத்தின் சமணக் குகைத்தளங்கள் பலவற்றில் பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். பாறையில் வழிந்து வரும் மழைநீர் அப்படியே கீழே சொட்டிவிடாது. பரப்பை ஒட்டிக்கொண்டு உட்பக்கம் ஊர்ந்து வரும். காடியின் விளிம்புக்கு வந்ததும் பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். உள்ளே துறவிகளின் கற்படுக்கைகள் நனையாது. இன்று வீட்டு சன்ஷேடின் அடியில், ஓரத்தை ஒட்டிக் கொத்தனார் இழுத்துவிடும் கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளில் அந்தக் கோட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை!

சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகையில் 17 கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. அதே குன்றில் இருக்கும் அறிவர் கோயில்தான் தாமரைக்குளம் ஓவியத்தால் பெயர் பெற்றது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுப்பித்து முன்னால் ஒரு முகமண்டபமும் எடுத்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அந்த மண்டபம் நிலைக்கவில்லை. இன்று காணும் முன்மண்டபம் 20-ஆம் நூற்றாண்டில், புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவானாக டாட்டன்ஹாம் இருந்த காலத்தில், குடுமியான்மலைத் தூண்களைக் கொண்டுவந்து கட்டியது. இடைப்பட்ட காலத்தில் ஓவியங்களுக்கு முன்னால் மறைப்பு இல்லை. ஓவியங்கள் மங்கியதற்குக் காரணங்கள் பல. வெயிலும் சாரலும் அவற்றில் சேரும்.

நார்த்தாமலையில் மழை இன்னும் நேரடியாகவே வரலாற்றில் நுழைகிறது. விஜயாலய சோழீஸ்வரத்தின் கல்வெட்டின்படி, சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்தது. மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தார். கல்லால் கட்டிய கோயிலுக்கே அந்த நிலை என்றால், கூரையின் விளிம்பைப் பற்றிச் சிற்பிகள் ஏன் இவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பது புரியும்.

அந்தக் கவலையின் உச்சம் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரோடு தொடர்புடைய இந்தத் திருப்பெருந்துறைக் கோயிலின் கொடுங்கைகள் கல்லாலானவை. ஆனால் அண்ணாந்து பார்த்தால் மரவேலை போலத் தோன்றும். வளைந்து இறங்கும் மரக்கைகள், குறுக்குச் சட்டங்கள், அவற்றை இறுக்கும் ஆணிகள், முறுக்கிய கயிறு என எல்லாமே கல்லில். முன்பு ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி போன்றவை நீங்கலாக எதையும் செய்து தருவோம் என்று எழுதுவார்களாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் செய்திதான். ஆனால் பார்த்தவர்கள் நம்பத்தான் செய்வார்கள். கூரை வெளியே நீண்டு, வளைந்து, ஓரம் கீழ்நோக்கி முடிகிறது. தண்ணீர் சுவரைத் தொடாமல் தள்ளி விழுகிறது. அத்தனை அழகும் இந்த ஒரு வேலையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

வீடும் கோயிலும் நிற்குமிடத்தில் நிற்கும். வண்டி ஓடும், காற்று எதிரே வரும். பழைய அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருந்தது. அதைத் திருகி வைத்தால் பெரிய கண்ணாடியை இறக்காமலே காற்று கிடைக்கும். 1983-ல் மாருதி 800 வந்தது, பிறகு ஏ.சி. பரவியது, முக்கோணக் கண்ணாடி மறைந்தது. ஆனால் மழையில் கண்ணாடி உட்புறம் வேர்த்துப் பார்வை மறைவதும், ஏ.சி. போட விரும்பாதவர்களும் மறையவில்லை. அந்த இடத்தை வைசர் பிடித்துக்கொண்டது.

வைசர் வாங்குபவர் கொடுங்கையை நினைத்துக்கொண்டு வாங்கலாம். ஓரம் கீழ்நோக்கி வளைந்து, கதவின் மேல்விளிம்போடு இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும்; இடைவெளி இருந்தால் தண்ணீர் பின்னால் புகுந்துவிடும். ஆகவே காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியதையே கேட்க வேண்டும். பொதுவாக எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்பது பெரும்பாலும் எதற்கும் சரியாகப் பொருந்தாது. வெளியே டேப் போட்டு ஒட்டுவது, கண்ணாடிக் காடிக்குள் செருகுவது என இரண்டு வகை உண்டு. செருகுவது தடிமனாக இருந்தால் கண்ணாடி ஏறும்போது இடிக்கும். தானாக ஏறும் கண்ணாடி பாதியில் நின்று இறங்கிவிடும். மிக அகலமானது வேகத்தில் இரையும். நிறத்தில் அடர்கறுப்பு வேண்டாம், லேசான புகைநிறம் போதும். பக்கக் கண்ணாடி வழியே குறைந்தது 50 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்வதே ஓட்டுபவரின் பார்வைக்காகத்தான். அதன்மேல் கறுப்புப் பட்டை வைத்து மறைப்பதில் பொருளில்லை.

கடைக்காரர்கள் சொல்லும் ஒன்றை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. வைசர் இருந்தால் வெயிலில் நிறுத்திய கார் சூடாகாது என்பார்கள். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் உள்ளே வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில், வைசர் போட்டு ஜன்னல் திறந்திருந்தாலும், குழந்தையைக் காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுச் செல்லக்கூடாது.